அந்த அம்மா பதில் எழுதாத கேள்வி

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் அவருக்கு ஒரு பெருமையாகப் போய்விடும். ஏற்கெனவே இருபது நாட்டுக்காரர்களுக்கு அவரைத் தெரியும். பதினோரு வருடம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த என்னை, தூத்துக்குடிக்குப் பக்கத்து நாசரேத்தில் எங்கள் தெருவைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று நீங்கள் நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கன்டெய்னரில் பழைய இரும்பு வரும். அதில் எப்போதாவது கதிர்வீச்சு உள்ள துண்டு ஒன்று கலந்து வந்துவிடும். ஏதோ ஒரு நாட்டில் மூடிப்போன ஆலையின் குழாயாக இருக்கும், அல்லது கருவியிலிருந்து கழன்ற பாகமாக இருக்கும். அதைக் கண்டுபிடித்துப் பிரித்து, டிரம்மில் அடைத்து, மேலிடத்து உத்தரவு வந்து உரிய இடத்துக்குப் போகும்வரை பத்திரமாக வைத்திருப்பதுதான் எங்கள் கம்பெனியின் வேலை. நான் சீனியர். அந்த அம்மா எனக்கு அடுத்து.

அவருக்கு வெட்கம் கிடையாது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனக்கு ஒன்று தெரியாது என்பதை நாலு பேர் நடுவில் சொல்ல அவருக்கு வெட்கம் கிடையாது என்கிறேன். அதே மாதிரி, தனக்கு ஒன்று தெரிந்துவிட்டால் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளவும் அவரால் முடியாது. இரண்டும் ஒரே குணம்தான் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. நான் இரண்டிலும் அவருக்கு நேர் எதிர். தெரியாததைக் காட்டிக்கொள்ள மாட்டேன். தெரிந்ததை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவேன்.

கதிரியக்கக் கழிவை எப்படி அடைப்பது, எங்கே வைப்பது, கடைசியில் எங்கே புதைப்பது என்று பல நாட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு வலையமைப்பு உண்டு. மாதம் ஒரு கூட்டம் இணையத்தில் நடக்கும். கேள்வி பதிலுக்கென்று ஒரு பக்கம் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை வெளிநாட்டில் நேரில் சந்திப்பார்கள். எங்கள் முதலாளி எங்கள் இருவரையும் அதில் சேர்த்துவிட்டார். அங்கே என் ஆங்கிலம் எடுபடும் என்று நான் நம்பினேன். அப்பா ஆசிரியர், படித்தது மிஷன் பள்ளிக்கூடம். அந்த அம்மாவோ தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய ஆங்கிலத்தில் எழுவாய் ஒரு கரையில் நின்றால் பயனிலை மறு கரையில் நிற்கும்.

முதல் கூட்டம் மதியம் இரண்டு மணிக்கு. நாற்பது முகங்கள் திரையில். ஃபின்லாந்துக்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் இந்த அம்மா கையைத் தூக்கிவிட்டார். "நீங்கள் அடிக்கடி சொல்லும் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், எனக்குத் தெரியவில்லை" என்றார். எங்கள் தொழிலில் அது அரிச்சுவடி மாதிரியான வார்த்தை. நான் தலையைக் குனிந்து கேமராவுக்கு வெளியே போய்விட்டேன். அந்த ஃபின்லாந்துக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு, வெள்ளைப் பலகையை இழுத்துப் போட்டு, டிரம் படம் வரைந்து இருபது நிமிடம் விளக்கினார். முடிந்ததும் ஐந்து பேர் தங்களுக்கும் அது சரியாகத் தெரியாது என்று எழுதினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது.

"அவ்வளவு பேர் முன்னால கேக்கணுமா? என்னையத் தனியாக் கேட்டுருக்கலாம்லா" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

"பொறவு?"

"அப்ப மொதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். குத்திக் காட்டுகிற தொனி துளியும் இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

அவர் எழுதும் மடல்களை அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் கொடுப்பார். சிவப்புப் பேனாவால் திருத்தித் தருவேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, நான் திருத்தித் தருவதற்கு முன்பே அவர் அனுப்பிவிடுகிறார் என்று. கேட்டதற்கு, "அவசரம் சார். ஆனா நீங்க திருத்துனத வச்சு அடுத்த தடவைக்குப் படிச்சிக்கிடுவேன்" என்றார். திருத்தாத அந்த மடல்களுக்குத்தான் பிரேசிலிலிருந்தும் கானாவிலிருந்தும் பக்கம் பக்கமாகப் பதில் வந்தது. நான் மூன்று நாள் யோசித்து, ஒரு குற்றமும் சொல்ல முடியாதபடி எழுதிய என் மடலுக்கு 'நன்றி' என்று ஒரு சொல் வந்தது.

எங்கள் அளவுகள், நாங்கள் செய்த தவறுகள், எந்த டிரம்மின் மூடி சரியாக உட்காரவில்லை என்பது எல்லாவற்றையும் அங்கே கொட்டிவிடுவார். கம்பெனி மானம் போகிறதே என்று ஒருநாள் கண்டித்தேன். அப்போதுதான் அவருடைய மாமா படகைப் பற்றிச் சொன்னார். மாமா சங்கு குளிக்கப் போகிறவர். அந்தப் படகில் ஒரு வழக்கமாம். முங்கி எழுந்து வந்தவர், அடியில் பாறையா சேறா, நீரோட்டம் எந்தப் பக்கம், கலங்கல் எவ்வளவு என்று உடனே சொல்லியாக வேண்டும். சொல்லிய பிறகுதான் அவருக்குத் தேத்தண்ணி.

"அதுலயும் எறங்குன ஆளுதான் சொல்லணும் சார். கூட எறங்குனவன் பாத்துருந்தாலும் அவனுக்காவச் சொல்லக்கூடாது. மாமா சொல்லுவாக, அவன் கண்டது அவன் வாயாலதான் வரணும்னு."

"இது படகு இல்ல, கம்பெனி" என்றேன்.

"எறங்குறது நம்மதானே சார்" என்றார்.

அந்த வருடச் சந்திப்பு வியன்னாவில். கம்பெனியிலிருந்து ஒருவர் போகலாம் என்று பேச்சு வந்தது. சீனியர் நான்தானே. தூத்துக்குடி மட்டக்கடைத் தெருத் தையல்காரரிடம் போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு தைக்கக் கொடுத்தேன். கோட்டு வந்த அன்று முதலாளி கூப்பிட்டார். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. அவுக பேரச் சொல்லிக் கேக்காக அங்கன" என்றார். அந்த அம்மா எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் நான்கு கிலோ வாங்கிக்கொண்டு வியன்னா போனார். திரும்பி வந்தபோது அங்குள்ளவர்களுக்கெல்லாம் அதை நம் ஊர் மாதிரியே மக்ரூன் என்று உச்சரிக்கத் தெரிந்திருந்தது. என் கோட்டை என் மச்சினன் மகன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். மே மாதம். வியர்த்துக் கொட்டிற்று.

இனி கிடங்குக் கதைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் அதைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

டிரம்களை வைக்கப் புதுக் கிடங்கு கட்டியபோது மேற்பார்வை என்னுடையது. கான்ட்ராக்டர் எனக்குச் சொந்தக்காரர். ஆற்று மணல் கிடைக்காத சமயம். ஒரு நாள் காலையில் வந்து இறங்கிய லோடில் கறுப்புக் கறுப்பாகக் கோடு ஓடியது. எங்கள் கடற்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்குக்கூட அது கருமணல் என்று தெரியும். அதில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு என்பது எனக்கு நன்றாகவே தெரியும், என் பிழைப்பே அதுதான். ஆளைக் கெடுக்கிற அளவு இல்லை. ஆனால் கதிர்வீச்சை அளக்கிற கிடங்குக்கு அந்த மணலில் சுவர் பூசினால், சுவரே மீட்டரைக் கூப்பிடும். "எங்கன எடுத்தீரு?" என்று கேட்டேன். "ஒரு லோடுதான் மாப்ள, பூச்சுக்குள்ள போயிரும்" என்றார். ஃபைலில் ஆற்று மணல் என்று எழுதினேன். திறப்பு நாளுக்கு முதலாளி நல்ல நேரம் குறித்துவிட்டார். அந்த நேரத்துக்குள் டிரம்கள் உள்ளே போக வேண்டும் என்று, கிடங்கு காலியாக இருக்கும்போது எடுக்க வேண்டிய கதிர்வீச்சு அளவை யாரும் எடுக்கவில்லை. அதை நான்தான் எடுத்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா மீட்டருடன் உள்ளே போனார். மேற்கு மூலையில் இருக்க வேண்டியதைவிட அதிகம் காட்டியது. எந்த டிரம்மோ கசிகிறது என்று பதறினார். பதறியதோடு நின்றாரா? அன்றைக்கே படம் வரைந்து, அளவுகளோடு அந்த வலையமைப்பில் போட்டுவிட்டார். 'எங்களுக்குக் காரணம் தெரியவில்லை, உதவுங்கள்.' எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. மேற்கு மூலையில்தான் அந்த லோடு பூசப்பட்டது.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. நாற்பது பேர் முன்னால் இந்த அம்மா ஒரு சுவரைப் பார்த்துக் கசிவு கசிவு என்று அலறட்டும், ஒருமுறையாவது சிரிக்கட்டும் அவர்கள் என்று இருந்தது. அந்த நினைப்பு எனக்கு இனித்தது.

ஒரு வாரம் பலரும் பலவிதமாக எழுதினார்கள். கடைசியில் பிரேசில்காரப் பெண் ஒருவர் கேட்டார்: 'எங்கள் கடற்கரையில் கரிய மணல் உண்டு. உங்கள் ஊரிலும் உண்டா? சுவர் எந்த மணலில் கட்டியது?'

அந்த அம்மா என் மேசைக்கு வந்தார்.

"சார், கெடங்கு கட்டையில நீங்கதானே நின்னிய. சொவத்துக்கு எந்த மணலு?"

"ஆத்து மணல்."

"நல்லாத் தெரியுமா?"

"ஃபைல்ல இருக்கு, பாத்துக்கிடுங்க."

அவர் ஃபைலைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிதான் சார்" என்று போய், ஆற்று மணல் என்று எழுதிவிட்டார். அப்படியானால் டிரம்களைத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை என்று அங்கிருந்து பதில் வந்தது.

டிரம்களை வெளியே கொண்டுவரக்கூடாது. கிடங்குக்குள்ளேயே, உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மறுபடி அடைக்க வேண்டும். உள்ளே மூச்சு முட்டும் வெக்கை. அந்த அம்மாவும் ஜெபஸ்தியான் என்ற தொழிலாளியும் இறங்கினார்கள். நான் வெளியே நிழலில் நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். ஒரு டிரம் கசியவில்லை, இரண்டாவது கசியவில்லை, ஆறாவதும் கசியவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஜெபஸ்தியான் வெக்கையில் மயங்கி, டிரம் மேல் சாய்ந்து, தரையில் விழுந்தான். வலது தோள் எலும்பு முறிந்தது.

மறுநாள் காலை அந்த அம்மா சுத்தியலும் உளியும் கொண்டுவந்தார். மேற்கு மூலையில் பூச்சைக் கொத்தி ஒரு பையில் எடுத்து, டிரம்களை விட்டுத் தள்ளி, கேட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் மீட்டரை வைத்தார். மீட்டர் படபடவென்று அடித்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"மொதல்லயே நான் கொத்திப் பாத்துருக்கணும் சார். எந் தப்பு" என்றார். பையைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஜெபஸ்தியானைப் பார்க்கப் போய்விட்டார்.

நடந்ததை முழுக் குறிப்பாக எழுதி, வழக்கம்போல என்னிடம் திருத்தக் கொடுத்தார். நடுவில் இருந்த வரிகளை இப்போதும் மறக்கவில்லை. 'கிடங்கு கட்டும்போது உடன் இருந்தவரைக் கேட்டேன். ஆற்று மணல் என்றார். சோதிக்காமல் நம்பினேன். காலிக் கிடங்கை நாங்கள் அளக்கவும் இல்லை.' என் பெயர் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு காற்புள்ளி சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் ஆசைப்பட்டது நடக்கவில்லை. அந்தக் குறிப்பு அவர்களுக்குப் பாடமாகிவிட்டது. புதிதாகக் கிடங்கு கட்டுகிறவர்களுக்கெல்லாம் அதைப் படிக்கக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் மற்ற நாட்டுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை அவரைத் தேடி வந்தது. வழியனுப்பு விழாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். அடுத்த நாள் என் மேசையில் ஒரு மக்ரூன் பொட்டலமும் ஒரு புது சிவப்புப் பேனாவும் இருந்தன. மக்ரூனை ஆபீஸில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது கம்பெனியை முதலாளி மகன் பார்க்கிறார். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "அந்த நெட்வொர்க்ல நம்ம ஆளு ஒருத்தரும் பேசுறது இல்லியாமே. நீங்க போயி எதாவது எழுதுங்க அண்ணாச்சி" என்றார். வேண்டா வெறுப்பாக உள்ளே போனேன். கிடங்கு என்று தேடினால் முதலில் வந்து நின்றது அவருடைய குறிப்பு. அதன் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் எழுதியிருந்தார். நன்றி என்று எழுதியவர்களுக்குக்கூட நன்றி எழுதியிருந்தார்.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் இல்லை. மடகாஸ்கர்காரர் ஒருவர் மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டது. 'ஆற்று மணல் என்று சொன்னாரே, அவருக்கு உண்மை தெரியாதா, தெரிந்தே சொன்னாரா? எங்கள் ஊரில் கட்டுகிறவரும் கையெழுத்துப் போடுகிறவரும் ஒரே ஆள். எதைச் சோதிப்பது, ஆளையா மணலையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.'

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பிடித்துவிட்டேன், இந்த அம்மாவும் ஒன்றை மறைத்திருக்கிறார் என்று. ஊருக்கெல்லாம் கொட்டுகிறவர் இதை மட்டும் வைத்துக்கொண்டாரே என்று. அப்புறம்தான் எதை மறைத்திருக்கிறார் என்பது உறைத்தது. அன்று ஃபைலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாரே, அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருந்தும் என் வார்த்தையை நம்பித்தான் இறங்கினார். பூச்சைக் கொத்திய அன்று எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் குறிப்பை என்னிடம் திருத்தக் கொடுத்திருக்கிறார். அதில் சேர்க்க வேண்டியதை நானே சேர்ப்பேன் என்று கொடுத்திருக்கிறார். நான் காற்புள்ளி சேர்த்தேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு லாரி வந்து நின்றது. ஜெபஸ்தியான் இப்போது கேட்டில் காவல். வலது கை தோளுக்கு மேல் ஏறாது. இடது கையால் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தான். தினமும் அப்படித்தான் திறக்கிறான். தினமும் எனக்கு ஒரு வணக்கம் வைக்கிறான்.

மடகாஸ்கர்காரருக்கு எழுதினேன். 'அவருக்குத் தெரியும். கருமணல் இறங்கியதைக் கண்ணால் பார்த்தார். தெரிந்தே பொய் சொன்னார். முதலில் பயம், பிறகு பொறாமை. அதனால் ஒரு தொழிலாளிக்குத் தோள் முறிந்தது. அந்த ஆள் நான்தான். ஆளையும் சோதியுங்கள், மணலையும் சோதியுங்கள்.' அனுப்பிவிட்டுக் கீழே இறங்கி ஜெபஸ்தியானிடம் போனேன். அவனிடம் வாயால் சொல்ல எனக்கு வெகு நேரம் பிடித்தது. அவன் கடைசிவரை கேட்டான். அடுத்து வந்த லாரிக்குக் கேட்டைத் திறக்கப் போனான். மறுநாள் எனக்கு வணக்கம் வைக்கவில்லை.

அன்று அவனிடம் சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பியபோது என் பதிலுக்குக் கீழே ஒரு பதில் இருந்தது. உலகத்து மொழியெல்லாம் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிற அந்த இடத்தில், தமிழில் ஒரு வரி.

'எறங்குன ஆளுதான் சொல்லணும்னு இருந்தேன் சார். மேல வர இம்புட்டு நேரம் ஆக்கிட்டிய.'

அதைப் பலமுறை படித்தேன். எனக்கு அழுகை வந்தது. அதோடு எரிச்சலும் வந்தது. ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவும் இந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறதே, அது என் வித்தை அல்லவா, அதிலும் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டாரே என்று.

மாலைக்குள் மடகாஸ்கர்காரர் கேட்டிருந்தார்: 'நன்றி. கீழே உள்ள வரி என்ன மொழி? அதிலும் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?' அந்த அம்மா பதில் எழுதவில்லை. திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அங்கேதான் இருந்தார். என்னை எழுத விட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

எங்கள் கடலில் சங்கு குளிக்கப் போகும் படகுகளில் ஒரு வழக்கம் உண்டு என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு வரியில் சொன்னதற்கு எனக்கு ஒரு பக்கம் ஆயிற்று. சிவப்புப் பேனாவை எடுக்காமல், மறுபடி படித்துப் பார்க்காமல் அனுப்பினேன்.